எண்ணெயில் பார்க்காத முகம்

என் தங்கை அமுதாவுக்கு முதலில் வீங்கியது முகம். அதை நாங்கள் பூரிப்பு என்று நினைத்தோம். மாசமாக இருக்கிற பெண்ணுக்குக் கன்னம் உப்பினால் நல்லதுதானே என்று தெருவே சொன்னது. "பொண்ணு நல்லா ரொம்பி கீறா" என்று என் மனைவி சாந்தி திருஷ்டிகூடச் சுற்றிப் போட்டாள். காலில் இருந்த கொலுசு கழலாமல் சோப்பு போட்டு உருவியபோதுகூட எங்களுக்கு உறைக்கவில்லை.

உங்கள் வீட்டில் கர்ப்பமாக இருக்கிற பெண் முகமும் கையும் வீங்கி, தலை பிளக்கிறது, கண்ணில் பூச்சி பறக்கிறது என்று சொன்னால் திருஷ்டியை அப்புறம் சுற்றிக்கொள்ளுங்கள். முதலில் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நான் டாக்டர் இல்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனியில் வேலை பார்த்தவன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு குழந்தையின் கதைதான். அதே மாதிரி ஒரு குழந்தையோடு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது உபயோகப்படலாம் என்று எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. அமுதாவைக் கருங்குழியில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை வேலு லாரி ஓட்டுபவர். அவர் வீட்டில் பெண்பிள்ளைகள் யாரும் கிடையாது, எங்கள் அம்மாவும் சின்ன வயதிலேயே போய்விட்டாள். அமுதாவுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவனே நான்தான். அதனால் ஏழாவது மாதமே எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அப்போது சாந்தியும் கர்ப்பம். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் நாள் குறித்திருந்தார்கள். இரண்டு வயிறும் ஒரே அடுப்படியில் இடித்துக்கொண்டு சமைப்பதைப் பார்த்து நான் கேலி செய்வேன்.

ஒரு காலையில் அமுதா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். கண் மேலே செருகி, பல் கிட்டி, கை கால் வெட்டி இழுத்தது. பேறுகால வலிப்பு (கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி மூளையைத் தாக்குவது) என்று பின்னால் தெரிந்துகொண்டோம். வேறு வண்டி கிடைக்கவில்லை. கம்பெனியின் மீன் வேனில்தான் செங்கல்பட்டுக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். வழியெல்லாம் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, போய்விடாதே போய்விடாதே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ் ரோஸ்லின் சிஸ்டர் வெளியே வந்து சொன்னார். "குழந்தை அழுதுச்சு. கொடி கழுத்துல ரெண்டு சுத்து சுத்தியிருந்தது, எடுத்தாச்சு. இப்போதைக்கு மூச்சு விடறா. அம்மாவைத்தான் கவனிக்கணும்."

அவர் கடைசி வாக்கியத்துக்காகத்தான் சொன்னார். சாந்தி கொடி என்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். என் கையைப் பிடித்திருந்தவள் இறுக்கிப் பிடித்தாள்.

எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரியும். கொடி சுற்றிப் பிறந்த குழந்தை தாய்மாமனுக்கு ஆகாது. அவன் அதன் முகத்தை நேராகப் பார்க்கக் கூடாது. தீட்டு கழிந்த பிறகு ஒரு நாள் குறித்து, கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, குழந்தையைத் தூக்கிப் பிடித்து, எண்ணெயில் தெரியும் முகத்தை மாமன் முதலில் பார்க்க வேண்டும். அப்புறம்தான் நேர்முகம். மீறினால் மாமன் உயிருக்கே கேடு என்பார்கள். குழந்தைக்கு மாமன் என்று இருந்தது நான் ஒருத்தன்தான்.

அன்று மாலையே அமுதாவுக்குச் சிறுநீர் இறங்கவில்லை. சிறுநீரகம் சோர்ந்துபோனால் இரத்தத்தைச் சுத்தம் பண்ணும் மெஷின் வேண்டும், அது சென்னையில்தான் இருக்கிறது என்றார்கள். மாப்பிள்ளை ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார். ஏறும்போது என்னைப் பார்த்து, "மச்சான், கொயந்த உன் பொறுப்பு" என்று சொன்னார். அவ்வளவு பெரிய லாரி ஓட்டுகிற மனுஷன் குரல் கீச்சென்று வந்தது.

குழந்தையை அனுப்பவில்லை. அந்த எடையில் அத்தனை தூரம் போனால் வழியிலேயே குளிர்ந்துவிடும் என்றார் டாக்டர். நடுத்தர வயது அம்மா. சத்தமே போட மாட்டார், ஆனால் சொன்னதை இரண்டாம் முறை சொல்லவும் மாட்டார்.

அந்த வார்டில் வார்மர் (குழந்தைக்கு மேலிருந்து சூடு தரும் மேசை) இரண்டுதான் இருந்தது. குழந்தைகள் அதைவிட அதிகம். கரண்டும் நினைத்தபோது போகும். ஒரு வார்மரில் இரண்டு குழந்தைகளைப் போட டாக்டர் ஒப்ப மாட்டார். ஒன்றின் கிருமி இன்னொன்றுக்குப் போய்விடும் என்பது அவர் கட்சி. வெந்நீர்ப் பாட்டில் பக்கத்தில் வைக்கவும் விட மாட்டார், தோல் வெந்துவிடுமாம். அதனால் அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். மூச்சு ஓரளவு சீரானதும் குழந்தையைத் தாயின் நெஞ்சில், தோலோடு தோலாக, தவளை மாதிரி கால் மடக்கிக் கட்டிவிடுவார்கள். கங்காரு முறை என்று பெயர். அம்மாவின் உடம்புச் சூடே வார்மர்.

எங்கள் குழந்தைக்கும் சில நாளில் மூச்சு சீரானது. ஆனால் அம்மா சென்னையில் நினைவில்லாமல் கிடந்தாள்.

"வீட்டுல பெண்கள் யாரு?" என்று டாக்டர் கேட்டார். சாந்தி எழுந்து நின்றாள். அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். "இந்த வயித்தோட நாள் முழுக்கச் சாய்ஞ்சு உட்கார முடியாது. குழந்தையைக் கட்ட அங்கே இடமும் இல்லே. நீங்க யாரு?"

"மாமன்."

"உடம்புல ஏதாவது சொறி, புண்ணு, இருமல் இருக்கா?"

"இல்லீங்க. ஆனா நான் ஆம்பளங்க."

"அது எனக்குத் தெரியுது. குழந்தைக்குத் தெரியாது. சட்டையைக் கழட்டிட்டுக் குளிச்சிட்டு வாங்க."

வெளியே வந்ததும் சாந்தி என்னைத் தூண் ஓரமாக இழுத்துப் போனாள். "இன்னாய்யா, தலைய ஆட்டிக்கினு வந்துட்ட. கொடி சுத்தின கொயந்தைய நீ எப்பிடித் தூக்குவ?"

"தூக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது. மூஞ்சியத்தான பாக்கக் கூடாது."

"நெஞ்சு மேல படுக்க வெச்சிக்கினு மூஞ்சியப் பாக்காம இருப்பியா?"

"இருப்பேன்."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "வயித்துல ஒண்ணு வெச்சிக்கினு கீறேன். உனுக்கு இன்னா ஆனாலும் நான் எங்க போவேன்."

மூட நம்பிக்கை என்று இன்று எழுதிவிடலாம், எழுதுவது சுலபம். எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் அமுதாவின் குழந்தை. அவளுக்கு உயிர் இருந்து திரும்பி வந்தால், என் குழந்தை எங்கே அண்ணா என்றுதான் முதலில் கேட்பாள். ஆக, ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். தூக்குவேன், பார்க்க மாட்டேன். நாள் வந்ததும் எண்ணெயில் பார்த்துக்கொள்வது.

ரோஸ்லின் சிஸ்டரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாகர்கோவில் பக்கத்துக்காரர், இதைவிட எத்தனையோ பார்த்திருப்பார். "நீங்க எண்ணெயில பாருங்க, தண்ணியில பாருங்க, அது உங்க இஷ்டம். ஆனா மாமா, இந்த வயசுக் குழந்தைங்க திடீர்னு மூச்சு விட மறந்துடும். உதடு நீலமாகுதான்னு யாராவது பார்த்துக்கிட்டே இருக்கணும். நீங்க பார்க்கலேன்னா யாரு பார்ப்பா?"

அதற்கும் ஒரு வழி கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்திருந்த மும்தாஜ் என்ற பெண் தன் மகனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் கொஞ்சம் தேறியவன். "நான் பாத்துக்கறேன் சிஸ்டர்" என்றாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு புடவையைக் கயிற்றில் மாட்டி மறைப்புக் கட்டினார்கள், தாய்மார் பால் கொடுக்கிற இடமாயிற்றே. மேல்பக்கம் மட்டும் ஒரு சந்து விட்டார்கள், அவள் எட்டிப் பார்க்க.

முதல் நாள் கை கழுவுவதிலேயே எனக்கு நாக்கு தள்ளியது. முழங்கை வரைக்கும் சோப்பு, நகம் ஒட்ட வெட்டு, மோதிரம் கழற்று. கழுவிவிட்டுப் போய் நின்றால் சிஸ்டர் முகர்ந்து பார்த்து, "இன்னும் மீன் வாசம் வருது, போங்க" என்று திருப்பி அனுப்புவார். ஐஸ் பாரைத் தூக்கித் தூக்கி என் கை எப்போதும் ஜில்லென்று இருக்கும். தேய்த்துச் சூடாக்கினால்தான் குழந்தையைத் தருவார். கம்பெனி முதலாளி நல்ல மனுஷன். லீவு கேட்டபோது, "ஐஸு கரைஞ்சா இன்னொரு பார் போட்டுக்கலாம், நீ போடா" என்றார்.

நெஞ்சில் வைத்தார்கள். என்ன சொல்ல. ஒரு கைக்குட்டை விழுந்த மாதிரிதான் கனம். ஆனால் அது அசைந்தது. நான் கழுத்தை விறைத்துக்கொண்டு எதிர்ச் சுவரையே பார்த்தேன். "கழுத்து சுளுக்கிக்கும் மாமா" என்று மறைப்புக்கு அந்தப் பக்கம் யாரோ சொல்ல, வார்டே சிரித்தது. அன்றிலிருந்து அத்தனை தாய்மாருக்கும் நான் மாமாதான். என் மார்பு முடியைப் பற்றிக்கூட ஒரு கிண்டல் ஓடியது, அது இங்கே வேண்டாம்.

அந்த வார்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வசதி குறைவுதான். ஆனால் இருந்ததை வைத்துக்கொண்டு எப்படிச் செய்தார்கள் தெரியுமா. குழந்தைத் துணிகளையெல்லாம் ஆயாம்மா மொட்டை மாடியில் நல்ல வெயிலில் காயவைத்து, கரிப் பெட்டி போட்டுத் தேய்த்துச் சூட்டோடு கொண்டுவருவார். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பாலாடை (மூக்கு வைத்த சின்னப் பால் கிண்ணம்), நூலில் பெயர் கட்டி. ஒவ்வொரு முறையும் கொதிக்க வைத்துத்தான் எடுப்பார்கள். பாட்டிலும் ரப்பரும் வாசலோடு சரி. சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால், பவுடர், கண்மை எதுவும் உள்ளே வராது. சாந்தி ஒரு நாள் வசம்பு கொண்டுவந்து வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

எங்கள் குழந்தைக்குப் பால், டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன தாய்மார் கொடுத்தது. அதில் மும்தாஜும் ஒருத்தி. முதலில் மூக்கு வழியாகக் குழாயில் போனது. பிறகு பாலாடையில் சொட்டுச் சொட்டாக. பால் இறங்கும்போது "ந்ங்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்கத்தான் நான் நாள் முழுக்கக் காத்திருப்பேன்.

முகம் தெரியாதே தவிர மற்றதெல்லாம் எனக்குத் தெரியும். பாதம் என் கட்டைவிரல் அளவு. விக்கல் எடுத்தால் என் தொப்புள் வரைக்கும் அதிரும். உறங்கப்போகும் முன் வலது கையால் என் காறையெலும்புக்குப் பக்கத்தில் பிறாண்டுவாள். ஈரமானால் கோபம் வரும், உடனே முழங்காலால் உதைப்பாள். அவள் அம்மாவும் சின்ன வயதில் அப்படித்தான், பொறுமை கிடையாது.

முகத்தை மும்தாஜ் சொல்லுவாள். சந்து வழியாக எட்டிப் பார்த்து, கிரிக்கெட்டு சொல்லுகிற மாதிரி. "மாமா, இப்ப கண்ணு தொறந்து பாக்குது. உங்களத்தான் பாக்குது. புருவம் இன்னும் வரல. நெத்தியில கெயவன் மாரி சுருக்கம் கீது. ஆங், கொட்டாவி வுடுது." நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். சென்னையிலிருந்து நல்ல சேதியே வராத நாட்கள் அவை. மாப்பிள்ளை எங்கள் பக்கத்து வீட்டு டெலிபோனில் சொல்வதைச் சாந்தி வந்து சொல்வாள், "இன்னும் அப்பிடியேதான் கீறாளாம்." நெஞ்சில் இது ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்ததால்தான் நான் பைத்தியம் பிடிக்காமல் இருந்தேன்.

சாந்தி தினமும் சோறு கட்டிக்கொண்டு பஸ் பிடித்து வருவாள். வாசலில் நின்று முதல் கேள்வி, "பாத்தியா?" நான் இல்லை என்றால்தான் டிபன் பாக்ஸைத் திறப்பாள். அவளுக்குக் குழந்தைமேல் கோபம் இல்லை. அவள்தான் ராவெல்லாம் கண் விழித்துச் சின்னச் சின்னக் குல்லா பின்னியவள். ஆரஞ்சுப் பழ அளவுத் தலைக்குப் பின்னுவது சும்மா இல்லை. அவளுக்கு இரண்டு பேரும் வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணெய்க்கு நாள் குறித்தாயிற்று. இன்னும் இரண்டொரு நாள். அப்போதுதான் அது நடந்தது.

மத்தியானச் சாப்பாட்டு வேளை. மும்தாஜின் மகனை எடை போட எடுத்துப் போனார்கள், அவளும் கூடப் போனாள். "இப்ப வந்துடறேன் மாமா" என்று சொல்லித்தான் போனாள். மின்விசிறி நின்றிருந்தது. பக்கத்தில் யாரோ கிண்ணத்தைக் கழுவும் சத்தம்.

எனக்கு முதலில் தெரிந்தது அமைதி. நாளெல்லாம் என் மார்பில் ஒரு இடத்தில் சூடாகக் காற்றுப் பட்டுக்கொண்டே இருக்கும். ஒரு காசு அகலம் கூட இருக்காது. அந்த இடம் குளிர்ந்துவிட்டது. வரும், இப்போது வரும் என்று இருந்தேன். வரவில்லை. கையும் பிறாண்டவில்லை.

கண்ணைத் தாழ்த்தினேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். சாந்தி நினைவுக்கு வரவில்லை, என் உயிரும் நினைவுக்கு வரவில்லை. பார்த்தால் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. சிஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி உள்ளங்காலை விரலால் சுண்டினேன். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினேன். முதுகை மேலும் கீழுமாகத் தேய்த்தேன். "சிஸ்டர்" என்று கூப்பிட்டது என் குரல் மாதிரியே இல்லை.

ரோஸ்லின் சிஸ்டர் ஓடிவந்து, ஒரே இழுப்பில் கட்டை அவிழ்த்துக் குழந்தையை மேசையில் போட்டார். சின்னக் கிண்ணம் மாதிரி ஒன்றை முகத்தில் பொருத்தி, பந்து போன்ற பையை அழுத்தினார். அழுத்தினார். அவர் உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. அந்த நேரம் எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். என் மொத்த வாழ்க்கையையும் அதற்குள் அடைத்துவிடலாம். பிறகு குழந்தை ஒரு தும்மல் போட்டது. அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை. உதட்டில் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது.

டாக்டர் வந்து பார்த்தார். மூச்சுத் தடை (குறைமாதக் குழந்தையின் மூளை மூச்சு விடச் சொல்ல மறப்பது) என்றார், அதற்கென்று மருந்து தொடங்கினார். "சீக்கிரம் பார்த்தீங்க, அதான் பிழைச்சா" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

சாயங்காலம் மறுபடி நெஞ்சில் வைத்தார்கள். இப்போது மறைக்க என்ன இருக்கிறது. நான் அவளைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். மும்தாஜ் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் ஒன்றை அவள் சொல்லவில்லை, அவளுக்கு எப்படித் தெரியும். அது எங்கள் அம்மாவின் வாய். மேலுதடு நடுவில் கொஞ்சம் தூக்கி, எதையோ சொல்ல வந்து நிறுத்திய மாதிரி. அதைப் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டிருந்தது. நான் விக்கி விக்கி அழுதேன். குழந்தைக்கு அந்த ஆட்டம் பிடித்திருந்தது போல, தூங்கிப்போனாள்.

மறுநாள் சாந்தி வந்தாள். "பாத்தியா?"

"பாத்துட்டேன்."

நடந்ததைச் சொன்னேன். டிபன் பாக்ஸை மெதுவாகக் கீழே வைத்தாள். என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்து என் நெற்றியில் அப்பினாள், கண்ணிலும் பாதி விழுந்தது. அப்புறம் கேட்டாள், "கொயந்த இப்ப எப்டி கீது?"

"நல்லா கீறா."

"அப்ப துன்னு. சோறு ஆறிப்போவுது."

அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் நான் ஒரு தும்மல் போட்டால்கூட ஓரக்கண்ணால் பார்ப்பாள். பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் என்னை உட்கார விடமாட்டாள். குறித்த நாளில் கிண்ணத்தை வெளியே எடுக்கவில்லை, அதற்கென்று வாங்கிய நல்லெண்ணெயில் வத்தக்குழம்பு வைத்துவிட்டாள்.

அமுதா பிழைத்துக்கொண்டாள். சிறுநீரகம் மெல்லத் திரும்பியது. ஒரு நாள் மாப்பிள்ளை அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து வார்டுக்குக் கூட்டிவந்தார். கன்னமெல்லாம் வற்றி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, வேறு யாரோ மாதிரி இருந்தாள். மறைப்புத் துணியை விலக்கி என்னையும் என் நெஞ்சில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள். கிட்ட வரவில்லை.

"இது என்னுதுதானா அண்ணா?"

"பின்ன யாருது. வந்து உக்காரு."

"எனுக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. கீரை ஆய்ஞ்சினு இருந்தேன், முழிச்சா மெட்ராஸ்ல கீறேன். வயித்துல ஒண்ணுமில்ல. இது எப்பப் பொறந்ததுன்னே எனுக்குத் தெரியாது. நீயே வெச்சிக்கோ, எனுக்கு பயமா கீது."

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். நீயே வெச்சிக்கோ என்றதும் என் மனசு ஒரு நொடி சரி என்றது. இத்தனை நாளும் இவள் வர வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். வந்து நின்றதும் கொடுக்க மனசு வரவில்லை. அப்படி ஒரு பேராசை எனக்குள் இருக்கும் என்று எனக்கே தெரியாது.

ரோஸ்லின் சிஸ்டர் அமுதாவைக் கை கழுவ வைத்து, கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தார். கட்டை நானே அவிழ்த்தேன். குழந்தையைத் தங்கையின் நெஞ்சில் வைத்தேன். வீரிட்டு அழுதாள். அமுதாவும் அழுதாள். "பாத்தியா, என்கிட்ட இருக்க மாட்டேங்குது" என்றாள். "கொஞ்சம் பொறும்மா, புது வாசனை" என்றார் சிஸ்டர். நான் அமுதாவின் கையைப் பிடித்துக் குழந்தையின் முதுகில் எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று காட்டினேன். அந்தக் குட்டிக் கை அங்கேயும் பிறாண்டிப் பார்த்தது. அழுகை விம்மலாகி, விம்மல் பெருமூச்சாகி, அடங்கியது. அமுதா மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் தாழ்வாரத்துக்கு வந்து சட்டையை மாட்டினேன். நல்ல வெயில் காலம். எனக்குக் குளிர்ந்தது.

அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தோம். அமுதாவுக்குப் பாலும் மெல்ல ஊறியது. சில வாரத்தில் சாந்திக்குப் பிரசவம் ஆனது. பையன், மூன்று கிலோவுக்கு மேல். என் கையில் கொடுத்தார்கள். தோள் வலிக்கிற அளவுக்குக் கனமாகத் தோன்றியது. இவ்வளவு பெரியவனுக்கு நான் எதற்கு என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதுவரை என் உடம்பு எனக்கு மூட்டை தூக்க, ஐஸ் இழுக்க, சாப்பிட, தூங்க மட்டும்தான். அது சும்மா உட்கார்ந்திருந்தே ஒரு உயிரைப் பிடித்து வைக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்தில் யாராவது கைக்குழந்தையோடு உட்கார்ந்து, அது தூங்கிப்போனால், என்னையறியாமல் அதன் மூச்சைக் கேட்க ஆரம்பித்துவிடுகிறேன். அடுத்த மூச்சு வந்த பிறகுதான் என் மூச்சு வெளியே போகும்.

சாந்தி பச்சை உடம்புக்காரியாக வீட்டில் இருக்க, அமுதாவையும் குழந்தையையும் நான்தான் மறுபரிசோதனைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் எடை பார்த்தார், கண் பார்த்தார், காலை மடக்கி நீட்டினார். அமுதா கவலையோடு கேட்டாள், "அண்ணன் பையன் நேத்துப் பொறந்தவன், இவ்ளோ பெருசா கீறான். இவ இத்தினி நாள் ஆயும் இத்தினூண்டு கீறாளே டாக்டர்?"

"குறைமாசக் குழந்தைக்கு வளர்ச்சியைப் பொறந்த நாள்லேர்ந்து கணக்கு பார்க்க மாட்டோம்மா. பொறக்க வேண்டிய நாள்லேர்ந்துதான். அந்தக் கணக்குப்படி இவளும் இந்த வாரம்தான் பொறந்திருக்கா. சரியாத்தான் இருக்கா."

அந்த நாட்களில் பெரும்பகுதி அவளுக்கும் இல்லாத நாட்கள்தான். அவளே எங்கேயோ இருந்துவிட்டு வந்தவள். குழந்தையின் குல்லாவைச் சரி செய்துகொண்டே, விளையாட்டாக இல்லாமல் நிஜமாகவே கேட்டாள். "என் வயித்துலயும் இல்ல, பொறக்கவும் இல்லன்னா, அந்த மாசமெல்லாம் இவ எங்க இருந்தா டாக்டர்?"

டாக்டர் காதிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார்.

"உங்க அண்ணன் சுமந்தாரும்மா" என்றார்.